அட்டோர்வாஸ்டாட்டின், ரோசுவாஸ்டாட்டின்: மெடிக்கல் கவுன்டர்ல இருந்து ஒரு ரிவ்யூ

கொலஸ்ட்ரால் மாத்திரைன்னு ஊரே சொல்ற ஸ்டாட்டின் மாத்திரை ரெண்டையும் பத்தி ஒழுங்கா ஒரு ரிவ்யூ தமிழ்ல எழுதணும்னு ரொம்ப நாளா நெனச்சிட்டே இருந்தேன். மதுரைல ஒரு மெடிக்கல் ஷாப்ல பார்மசிஸ்ட்டா இருக்கேன், டெய்லி இந்த ரெண்டும் எத்தனையோ ஸ்ட்ரிப் என் கை வழியாத்தான் போகுது. வீட்ல அப்பாவுக்கு ஸ்டென்ட் வச்சதுல இருந்து இதுதான் ஓடுது, எனக்கும் கெட்ட கொலஸ்ட்ரால்னு சொல்ற எல்டிஎல் 160ஐ தாண்டுனதும் குடும்பத்துல ஹார்ட் பிரச்சனை இருக்குன்னு சொல்லி டாக்டர் ஆரம்பிச்சு விட்டுட்டாரு. ஆக விக்கிறவனாவும் சாப்புடுறவனாவும் சேர்த்தே எழுதுறேன்.

ஆன்லைன்ல இந்த மாத்திரைக்கு மக்கள் போடுற ரிவ்யூவ பாத்தா ரெண்டே ரகம்தான் இருக்கு. "கொலஸ்ட்ரால் நல்லா எறங்கிருச்சு, சூப்பர்", இல்லன்னா "கால் வலிக்குது, தூக்கிப் போட்டுட்டேன்". ரிப்போர்ட்ல நம்பர் எறங்குறது இந்த மாத்திரையோட பாதி வேலைதாங்க. மீதிப் பாதி ரத்தக்குழாயோட சுவத்துக்குள்ள நடக்குது, அதப் பத்தி கவுன்டர்ல நின்னு யாரும் கேக்குறதே இல்ல. அது தெரியாததாலதான் நல்லா போயிட்டிருக்கிற மாத்திரைய பாதில நிறுத்துறாங்க.

மொதல்ல இது எங்க வேல செய்யுதுன்னு பாத்துருவோம். நம்ம ரத்தத்துல இருக்கிற கொலஸ்ட்ரால்ல பெரும்பகுதி முட்டையிலயும் மட்டன்லயும் இருந்து நேரா வர்றது இல்ல, ஒடம்பே தயாரிக்கிறது, அதுல கல்லீரலுக்கு பெரிய பங்கு. அந்த தயாரிப்புல ஹெச்எம்ஜி கோஏ ரிடக்டேஸ்னு ஒரு என்சைம் இருக்கு, ஸ்டாட்டின் போய் அத தடுத்துரும். உள்ள சரக்கு கொறஞ்சதும் கல்லீரல் செல்லு சும்மா இருக்காது, ரத்தத்துல ஓடிட்டிருக்கிற எல்டிஎல்ல புடிச்சு உள்ள இழுக்க தன்னோட மேல்பரப்புல ரிசெப்டர நெறைய கொண்டுவந்து வைக்கும், அதுலதான் ரத்தத்துல எல்டிஎல் எறங்குது. அந்த ரிசெப்டர கண்டுபிடிச்ச மைக்கேல் பிரவுன், ஜோசப் கோல்ட்ஸ்டீன் ரெண்டு பேருக்கும் 1985ல நோபல் கெடச்சது.

மருந்த கண்டுபிடிச்சவரு ஜப்பான்காரர், அகிரா எண்டோ. டோக்கியோல சாங்கியோன்னு ஒரு கம்பெனில 1971ல தேட ஆரம்பிச்சாரு, பூஞ்சைகள் தன்னோட எதிரி கிருமிகள தடுக்க கொலஸ்ட்ரால் தயாரிப்ப நிறுத்துற பொருள் ஏதாவது வச்சிருக்கும்னு அவருக்கு ஒரு யோசனை. கிட்டத்தட்ட 6000 பூஞ்சை ரகத்த ஒண்ணொண்ணா சோதிச்சு, கடைசில கியோட்டோல ஒரு தானியக் கடை அரிசியில இருந்து எடுத்த நீலப்பச்சை பூஞ்சையில இருந்து 1973ல மொதல் ஸ்டாட்டின பிரிச்சாரு. எலிக்கு குடுத்து பாத்தா கொலஸ்ட்ரால் எறங்கவே இல்ல, கம்பெனில விட்டுரலாம்னு நெனச்சப்ப முட்டைக் கோழிக்கு குடுத்து பாத்தாங்க, எறங்குச்சு. பூஞ்சையில இருந்து எடுத்த இன்னொரு ஸ்டாட்டின், லோவாஸ்டாட்டின், 1987ல அமெரிக்கால விக்க அனுமதி வாங்குச்சு. எண்டோவுக்கு நோபல் குடுக்காமலே விட்டுட்டாங்க, 2024ல 90 வயசுல போய்ச் சேந்துட்டாரு. இன்னிக்கு என் கடைக்கு வர்ற எத்தனையோ பேரு உசுரோட நடமாடுறதுல அந்த மனுஷனுக்கு பங்கு இருக்குன்னு நான் மனசார நம்புறேன்.

இப்ப மெயின் விஷயத்துக்கு வர்றேன், ரத்தக்குழாய்.

அடைப்புன்னதும் எல்லாரும் நெனைக்கிறது பழைய தண்ணி பைப்புக்குள்ள உப்பு படிஞ்சு ஓட்டை சின்னதாகுறதத்தான். நம்ம ரத்தக்குழாய்ல நடக்குறது அது இல்லங்க. ரத்தக்குழாயோட உள்பக்கம் ஒரே ஒரு செல் கனத்துல ஒரு லேயர் இருக்கு, எண்டோதீலியம்னு சொல்லுவாங்க. பிபி, சுகர், சிகரெட்னு ஏதாவது ஒண்ணால அந்த லேயர் கெட்டுச்சுன்னா எல்டிஎல் துகள் அதத் தாண்டி சுவத்துக்குள்ளயே போய் உக்காந்துக்கும். அங்க அது ஆக்சிஜனால கெட்டுப்போக, வெள்ளணு வந்து அத முழுங்க, முழுங்குன வெள்ளணு கொழுப்பு நெறஞ்சு அங்கயே செத்துப்போக, இப்படியே வருஷக்கணக்கா சேந்து சுவத்துக்குள்ள கொழகொழன்னு ஒரு கொழுப்புக் குவியல் உண்டாயிரும், அதுக்கு மேல நார்த்திசுவால ஒரு மூடி. இதுக்குப் பேருதான் பிளேக். ஆபத்து எங்க இருக்குன்னா, அந்த மூடி மெலிசா இருந்து உள்ள வீக்கமும் அழற்சியும் அதிகமா இருந்தா ஒரு நாள் பட்டுனு கிழிஞ்சிரும். கிழிஞ்ச எடத்துல ரத்தம் ஒறஞ்சு சில நிமிஷத்துல குழாயவே மூடிரும், அதான் ஹார்ட் அட்டாக்.

இதுல ஒரு விஷயத்த நல்லா கவனிங்க. கிழியிற பிளேக் எல்லாம் பெரிய பிளேக்கா இருக்கணும்னு இல்ல. குழாய பாதி கூட அடைக்காத பிளேக் கிழிஞ்சு அட்டாக் வந்தவங்க நெறைய பேர். போன மாசம் டிரெட்மில் டெஸ்ட் எடுத்தாரு, எல்லாம் நார்மல்னு சொன்னாங்க, இந்த மாசம் போயிட்டாருன்னு கேள்விப்படுறோமே, அதுக்கு இது ஒரு முக்கியமான காரணம். டிரெட்மில் டெஸ்ட் ரத்த ஓட்டம் கொறையுதான்னுதான் பாக்கும், மூடி மெலிசா இருக்கா தடிமனா இருக்கான்னு அதுக்குத் தெரியாது.

ஸ்டாட்டின் இங்க என்னென்ன பண்ணுதுன்னு பாப்போம். ரத்தத்துல எல்டிஎல் கொறைஞ்சா சுவத்துக்குள்ள போறதும் கொறையும், இது நேரடியான பலன், ரொம்பப் பெரிய பலனும் இதான். அடுத்தது எண்டோதீலியம். இந்த லேயரோட வேலைல ஒண்ணு நைட்ரிக் ஆக்சைடுங்கிற வாயுவ உண்டாக்குறது, அதுதான் குழாய தளர வச்சு தேவைப்படுறப்ப விரிய வைக்குது, ரத்த தட்டணு ஒட்டாம பாத்துக்குது. ரத்தக்குழாய்ல இதோட வேலையக் கண்டுபிடிச்சதுக்கு 1998ல மூணு பேருக்கு நோபல் குடுத்தாங்க. ஸ்டாட்டின் போட்டா இந்த நைட்ரிக் ஆக்சைடு கூடுது. எப்படி அளக்குறாங்கன்னா, கையில பிபி பட்டைய இறுக்கி கட்டி அஞ்சு நிமிஷம் ரத்த ஓட்டத்த நிறுத்தி, அப்புறம் பட்டென்னு விட்டு, ரத்தம் பாயிறப்ப கைக்குழாய் எவ்வளவு விரியுதுன்னு அல்ட்ராசவுண்ட்ல பாப்பாங்க. ஆரோக்கியமான குழாய் நல்லா விரியும், கெட்டுப்போன குழாய் அப்படியே கெடக்கும். ஹார்ட் அட்டாக்கோ தீவிர நெஞ்சுவலியோ வந்தவங்களுக்கு பிராவாஸ்டாட்டின் குடுத்து பாத்த ஒரு ஆய்வுல ஆறே வாரத்துல இந்த விரிவு நல்லா கூடிருச்சு. பிளேக்கோட அளவு மாறுறதுக்கெல்லாம் ரொம்ப முன்னாடியே குழாய் தன்னோட பழைய குணத்துக்கு திரும்ப ஆரம்பிக்குதுன்னு அர்த்தம்.

மூணாவது அழற்சி. ரத்தத்துல சிஆர்பின்னு ஒரு டெஸ்ட் இருக்கு, ஒடம்புல அழற்சி எவ்வளவுன்னு காட்டும். 2008ல வெளிவந்த ஜூபிட்டர் ஆய்வுல எல்டிஎல் 130க்கு கீழ இருந்து, அதாவது கொலஸ்ட்ரால் கூடன்னு யாரும் சொல்ல முடியாத, ஆனா சிஆர்பி மட்டும் கூடுதலா இருந்த 17,802 பேர எடுத்து பாதிப் பேருக்கு ரோசுவாஸ்டாட்டின் 20 எம்ஜி, மீதிப் பேருக்கு டம்மி மாத்திரை குடுத்தாங்க. மாத்திரை போட்ட பக்கம் அட்டாக், ஸ்ட்ரோக், ஹார்ட்டால சாவு மாதிரி பெரிய பிரச்சனைகள் எல்லாம் சேர்த்து 44 சதவீதம் கம்மி. ரெண்டு வருஷம் ஆகுறதுக்குள்ளயே ஆய்வ நிறுத்திட்டாங்க. இதுல எல்டிஎல் எறங்குனதோட பங்கு எவ்வளவு, அழற்சி எறங்குனதோட பங்கு எவ்வளவுன்னு நிபுணர்களுக்குள்ள இன்னும் வாக்குவாதம் ஓடுது. என் பார்வையில பெரும்பங்கு எல்டிஎல்லுக்குத்தான், ஏன்னா ஸ்டாட்டின் இல்லாத வேற மருந்தால எல்டிஎல்ல எறக்குனாலும் அட்டாக் கொறையத்தான் செய்யுது.

நாலாவதுதான் எனக்கு ரொம்பப் புடிச்சது. அந்த மூடி இருக்குல்ல, ஸ்டாட்டின் போட்டா அது தடிமனாகுது. ரத்தக்குழாய்க்குள்ளயே ஒளிய விட்டு படம் புடிக்கிற ஓசிடின்னு ஒரு ஸ்கேன் இருக்கு, அதுல மூடியோட தடிமன மைக்ரான் கணக்குல அளக்கலாம். ஜப்பான்ல அட்டோர்வாஸ்டாட்டின் 5 எம்ஜியையும் 20 எம்ஜியையும் வச்சு இப்படி அளந்து பாத்தாங்க, 20 எம்ஜி சாப்பிட்டவங்களுக்கு மூடி நல்லாவே கூடுதலா தடிச்சிருந்துச்சு. உள்ள கொழுப்புக் குவியல் சுருங்குது, மேல மூடி கெட்டியாகுது, பிளேக் அங்கயேதான் இருக்கு ஆனா கிழியிற குணம் கொறையுது.

சரி, அடைப்ப கரைக்குமான்னு கேக்குறவங்களுக்கு. கவுன்டர்ல எனக்கு வர்ற நம்பர் ஒன் கேள்வி இதான். நேர்மையா சொல்லணும்னா கொஞ்சூண்டு. 2006ல ஆஸ்டராய்டுன்னு ஒரு ஆய்வு, ரோசுவாஸ்டாட்டின் 40 எம்ஜி, அதாவது இருக்கிறதுலயே பெரிய டோஸ், ரெண்டு வருஷம் குடுத்து எல்டிஎல்ல 130ல இருந்து 61க்கு கொண்டுவந்தாங்க. குழாய்க்குள்ள அல்ட்ராசவுண்ட் விட்டு பாத்தா, சுவத்துல பிளேக் புடிச்சிருந்த பங்கு சராசரியா ஒரு சதவீதப் புள்ளி அளவுக்குத்தான் எறங்கியிருந்துச்சு. 2011ல சாட்டர்ன் ஆய்வுல அட்டோர்வா 80ஐயும் ரோசுவா 40ஐயும் நேருக்கு நேர் விட்டுப் பாத்தாங்க, அங்கயும் அதே ஒரு சதவீத ரேஞ்சுதான், ரெண்டுக்கும் பெருசா வித்தியாசம் இல்ல. ஒரு சதவீதம்னு கேட்டா ஏமாற்றமா இருக்கும். ஆனா அதே மருந்து எல்டிஎல்ல 39 புள்ளி எறக்குனா அட்டாக், ஸ்ட்ரோக் மாதிரி பெரிய பிரச்சனைகள் ஐந்துல ஒரு பங்கு கொறையுதுன்னு லட்சத்துக்கு மேல ஆளுங்கள வச்ச ஆய்வுகள சேர்த்துப் பாத்து சொல்லியிருக்காங்க. அளவு பெருசா மாறல, ஆனா அட்டாக் கொறையுது. அப்ப காப்பாத்துறது பிளேக்க கரைக்கிறது இல்ல, கெட்டிப்படுத்தி அமைதியா உக்கார வைக்கிறதுதான்.

இதே காரணத்தால இன்னொரு கொழப்பம் வரும், அதையும் சொல்லிடுறேன். ஸ்டாட்டின் சாப்பிடுறவங்க சில பேரு சிடி ஸ்கேன்ல இதயக் குழாய்ல படிஞ்ச சுண்ணாம்புச் சத்த அளக்குற கால்சியம் ஸ்கோர் எடுத்துட்டு வந்து "மாத்திரை போட்டும் ஸ்கோர் கூடிருச்சு தம்பி, மருந்து வேல செய்யலயா?"ன்னு பயந்து போய் கேப்பாங்க. கொழகொழ பிளேக் கெட்டியாகுறப்ப அதுல சுண்ணாம்புச் சத்து படியும், ஸ்டாட்டின் அத கூட்டவும் செய்யும். அதனால மாத்திரைல இருக்கிறவங்க ஸ்கோர் கூடுனத மட்டும் வச்சு மருந்து தோத்துப்போச்சுன்னு முடிவு பண்ணக்கூடாது. திரும்பத் திரும்ப அந்த ஸ்கேன எடுத்து காச விடவும் வேணாம்.

எங்க கடைக்கு ரெகுலரா வர்ற ஒரு அண்ணே, டைலர். பிபி மாத்திரை மட்டும் வாங்கிட்டு கெளம்புனாரு. "அண்ணே, ராத்திரி போடுற அட்டோர்வா வேணாமா?"ன்னு கேட்டேன். பையில இருந்து ரிப்போர்ட்ட எடுத்து கண்ணாடி மேல விரிச்சு வச்சாரு, எல்டிஎல் 74, பக்கத்துல நார்மல்னு போட்டிருக்கு, அத வெரலால தொட்டுக் காமிச்சு "நார்மல் ஆயிருச்சுல்லப்பா, இனி எதுக்கு?"ங்கிறாரு. அந்த 74 மாத்திரையோட நம்பர்ணே, உங்க நம்பர் இல்லன்னு சொன்னேன். நிறுத்துனா சில வாரத்துல பழைய எடத்துக்கே போயிரும், ஏன்னா கல்லீரல் அந்த என்சைம மறுபடி ஓட்ட ஆரம்பிச்சிரும். மூடிய கெட்டிப்படுத்துற வேலையும் அதோட நின்னுரும். ஃபிரான்ஸ்ல 75 வயசு ஆனவங்க ஒரு லட்சத்துக்கு மேல பாத்து 2019ல ஒரு ஆய்வு வெளியிட்டாங்க, ஸ்டாட்டின நிறுத்துனவங்க ஹார்ட், ரத்தக்குழாய் பிரச்சனைக்கு ஆஸ்பத்திரில சேர்ற ரிஸ்க் 33 சதவீதம் கூட. அண்ணே கொஞ்ச நேரம் யோசிச்சாரு, டாக்டர்கிட்ட ஒரு வார்த்த கேட்டுட்டு வர்றேன்னு போனாரு, சாயங்காலம் வந்து ஸ்ட்ரிப்ப வாங்கிட்டு போயிட்டாரு. எனக்கு அன்னிக்கு மனசுக்கு அவ்வளவு நிறைவா இருந்துச்சு.

இப்ப ரெண்டுல எது நல்லதுன்னு. ஒரே வரில சொன்னா ரெண்டும் நல்ல சரக்கு. எம்ஜிக்கு எம்ஜி பாத்தா ரோசுவா ஸ்ட்ராங்கு, ரோசுவா 10 எம்ஜி எல்டிஎல்ல 45 சதவீதம் கிட்ட எறக்கும், அட்டோர்வா 10 எம்ஜி 37, 38 சதவீதம் எறக்கும். அட்டோர்வா 80, ரோசுவா 40 ரெண்டும் பாதிக்கு மேல எறக்கிரும். டோஸ ரெட்டிப்பாக்குனா பலன் ரெட்டிப்பாகாது, ஒவ்வொரு தடவ ரெட்டிப்பாக்குறப்பவும் கூடுதலா 6 சதவீதம்தான் எறங்கும், அதனாலதான் சில டாக்டர்ங்க டோஸ ஏத்துறதுக்கு பதிலா எசெடிமிப்ங்கிற இன்னொரு மாத்திரைய சேர்க்குறாங்க, அது குடல்ல கொலஸ்ட்ரால் உறிஞ்சுறத தடுக்குது, வேற வழி. கிட்னி ரொம்ப வீக்கா இருக்கிறவங்களுக்கு அட்டோர்வா சௌகரியம், டோஸ கொறைக்க வேண்டியதில்ல. ரோசுவால ஆசியாக்காரங்களுக்குன்னு ஒரு விஷயம் இருக்கு, சிங்கப்பூர்ல சீனர், மலாய், இந்திய வம்சாவளி ஆளுங்கள வச்சு பாத்தப்ப அதே டோஸுக்கு வெள்ளக்காரங்களவிட நம்ம ரத்தத்துல மருந்து கூடுதலா நிக்குதுன்னு தெரிஞ்சது, அதான் அமெரிக்க லேபிள்ல ஆசியர்களுக்கு 5 எம்ஜில ஆரம்பிங்கன்னு போட்டிருக்கான். எனக்கு 5ல ஆரம்பிச்சு 10ல நிக்குது.

ராத்திரிதான் போடணுமான்னா, இந்த ரெண்டுக்கும் கட்டாயம் இல்ல. கல்லீரல் ராத்திரிலதான் கொலஸ்ட்ரால் அதிகம் தயாரிக்கும், பழைய சிம்வாஸ்டாட்டின் சீக்கிரம் ஒடம்ப விட்டு போயிரும், அதுக்கு அந்த ரூல் சரி. அட்டோர்வாவும் ரோசுவாவும் ரொம்ப நேரம் நிக்கும், ராத்திரி மறந்து போறவங்க காலைல பல் தேய்ச்சதும் போட்டுக்கலாம். டெய்லி ஒரே நேரத்துல போடுறதுதான் முக்கியம்.

சைடு எஃபெக்ட். இதுல நான் பூசி மொழுக மாட்டேன். தசை வலி வரும்னு எல்லாருக்கும் தெரியும், யூட்யூப் பாத்துட்டு பயந்து போயித்தான் பாதிப் பேரு மாத்திரையவே ஆரம்பிக்கிறாங்க. லண்டன் இம்பீரியல் காலேஜ்ல சாம்சன்னு ஒரு ஆய்வு பண்ணுனாங்க, 2020ல வந்துச்சு. சைடு எஃபெக்ட்னு ஸ்டாட்டின நிறுத்துன 60 பேர கூப்பிட்டு, சில மாசம் ஸ்டாட்டின், சில மாசம் அதே மாதிரி இருக்கிற டம்மி மாத்திரை, சில மாசம் ஒண்ணுமே இல்லாமன்னு ஒரு வருஷம் மாத்தி மாத்தி குடுத்து டெய்லி வலிக்கு மார்க் போட சொன்னாங்க. ஸ்டாட்டின் மாசத்துல வந்த தொந்தரவுல 90 சதவீதம் டம்மி மாத்திரை மாசத்துலயும் வந்திருக்கு. அதுக்காக அவங்க வலி பொய்னு நான் சொல்லல, வலி நெசம்தான், காரணம் மருந்தோட கெமிக்கல் இல்லங்கிறதுதான் விஷயம். 2022ல லான்செட்ல வந்த பெரிய தொகுப்பு ஆய்வும் அதையேதான் சொல்லுது, ஸ்டாட்டின் போடுறவங்க தசை வலின்னு சொல்றதுல 15ல ஒண்ணுதான் மருந்தால வர்றது, அதுவும் பெரும்பாலும் மொத வருஷத்துல.

அந்த 15ல ஒருத்தரா நீங்க இருக்கலாம், அப்ப சும்மா பொறுத்துக்கிட்டு இருக்காதீங்க. டோஸ கொறைக்கலாம், வேற ஸ்டாட்டின் மாத்தலாம், ஒரு நாள் விட்டு ஒரு நாள் கூட சில பேருக்கு டாக்டர் எழுதுறாரு. தொடை, தோள் ரெண்டு பக்கமும் கடுமையா வலிச்சு, தளர்ந்து போயி, யூரின் டீ டிகாக்ஷன் கலர்ல போனா அன்னிக்கே ஆஸ்பத்திரி போகணும், தசை சிதையிற பிரச்சனை அது, ரொம்ப ரொம்ப அபூர்வம், ஆனா கிட்னிய பாதிக்கும். செரிவாஸ்டாட்டின்னு ஒண்ணு இந்தக் காரணத்துக்காகவே 2001ல மார்க்கெட்ட விட்டே எடுக்கப்பட்டுச்சு.

சுகர் வரும்னு சொல்றாங்களே? கொஞ்சம் உண்மை. 2010ல வந்த ஒரு தொகுப்பு ஆய்வுப்படி 255 பேரு நாலு வருஷம் சாப்பிட்டா ஒருத்தருக்கு கூடுதலா சுகர் வருது, பெரும்பாலும் ஏற்கெனவே பார்டர்ல நிக்கிறவங்களுக்கு. பெரிய டோஸ்ல ரிஸ்க்கும் கூட. பார்டர்ல இருக்கிறவங்க மூணு மாச சராசரி சுகர காட்டுற ஹெச்பிஏ1சி டெஸ்ட்ட பாத்துட்டே இருங்க. சுகர் இருக்கிறவங்களுக்கே ரத்தக்குழாய் சீக்கிரம் கெடுறதால அவங்களுக்குத்தான் இந்த மாத்திரை இன்னும் தேவை, அதனால சுகர்னு பயந்து நிறுத்துறது தப்பான கணக்கு.

இதோட போட்டி சரக்குகளப் பத்தியும் சொல்லணும். இஞ்சி, பூண்டு, எலுமிச்சை, ஆப்பிள் சிடர் வினிகர், தேன் எல்லாம் சேர்த்து காய்ச்சுனா பைபாஸே வேணாம்னு ஒரு ஃபார்வர்டு பல வருஷமா வாட்ஸ்அப்ல சுத்துது. என்கிட்டயே வந்து பாட்டில் காமிச்சவங்க இருக்காங்க. அமெரிக்கால கிளீவ்லாண்ட் கிளினிக்ல இந்த மாதிரி சரக்குகள வச்சு ஒரு ஆய்வே பண்ணிட்டாங்க, 2022ல. ரோசுவா வெறும் 5 எம்ஜி ஒரு பக்கம், இன்னொரு பக்கம் மீன் எண்ணெய், பட்டை, பூண்டு, மஞ்சள், தாவர ஸ்டீரால், செவப்பு ஈஸ்ட் அரிசின்னு ஆறு சப்ளிமென்ட், 28 நாள். ரோசுவா எல்டிஎல்ல 38 சதவீதம் கிட்ட எறக்குச்சு. ஆறு சப்ளிமென்ட்ல ஒண்ணு கூட டம்மி மாத்திரைய தாண்டி எறக்கல, பூண்டு மாத்திரை போட்டவங்களுக்கு கொஞ்சம் ஏறவே செஞ்சுது. பூண்ட ரசத்துல போட்டு சாப்பிடுங்க, நல்லது, ஆனா ஸ்டென்ட் வச்சவங்க அத நம்பி மாத்திரைய விட்டுறாதீங்கன்னு கைய புடிச்சு கேட்டுக்கிறேன்.

ஏன் இவ்வளவு சொல்றேன்னா நம்ம ஊரு ஆளுங்களுக்கு இது சீக்கிரமே வருது. 52 நாடுகள்ல பண்ணுன இன்டர்ஹார்ட் ஆய்வுல தெற்காசியாக்காரங்களுக்கு மொத ஹார்ட் அட்டாக் நடுக்கணக்குல 53 வயசுல, மத்தவங்களுக்கு 59 கிட்ட. சம்பாதிச்சு பிள்ளைகள படிக்க வைக்கிற வயசுல போயிடுறாங்க. 1994ல வந்த 4எஸ் ஆய்வுதான் ஸ்டாட்டின் மேல டாக்டர்ங்களுக்கே முழு நம்பிக்கைய குடுத்தது, ஹார்ட் நோய் ஏற்கெனவே இருக்கிற 4444 பேரு, பாதிப் பாதியா பிரிச்சு அஞ்சு வருஷத்துக்கு மேல பாத்தாங்க, டம்மி பக்கம் 256 சாவு, சிம்வாஸ்டாட்டின் பக்கம் 182. நடுவுல இருக்கிற அந்த 74 பேர நெனச்சுப் பாருங்க.

நம்ம தமிழ்நாட்டுலயே 2023ல இதயம் காப்போம் திட்டம்னு கொண்டுவந்தாங்க. நெஞ்சுவலின்னு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வந்தா பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புறதுக்கு முன்னாடியே ஆஸ்பிரின், குளோபிடோக்ரல், அட்டோர்வாஸ்டாட்டின் மூணையும் லோடிங் டோஸா, அதாவது மொதல்லயே ஒரே தடவையா பெரிய அளவுல, குடுத்துடுறாங்க. ரத்தம் மேல ஒறையாம பாக்குறது மத்த ரெண்டோட வேலை, அதோட அட்டோர்வாவும் பெரிய டோஸ்ல போகுது. ஆம்புலன்ஸ் வர்ற நேரத்துல லிப்பிட் டெஸ்ட் எடுத்துப் பாத்தா குடுக்குறாங்க? கொலஸ்ட்ரால் எவ்வளவுன்னே கேக்காம குடுக்குறாங்க, ரத்தக்குழாய்க்கான மருந்துங்கிறதாலதான். கிராமத்துல இருக்கிறவங்க நெஞ்சுவலி வந்தா கேஸ்ட்ரிக்னு சோடா குடிச்சிட்டு இருக்காம நேரா பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு போங்க.

விலை பத்தி கவலையே வேணாம். ஸ்டாட்டின் எல்லாம் எப்பவோ பேட்டன்ட் முடிஞ்ச சரக்கு. மக்கள் மருந்தகத்துலயோ முதல்வர் மருந்தகத்துலயோ ஜெனரிக் வாங்குனா ஒரு நாள் மாத்திரை ஒரு டீ செலவுக்கும் கம்மி. பெரிய கம்பெனி பிராண்டுதான் வேல செய்யும்னு இல்ல, சந்தேகம் இருந்தா ஜெனரிக் ஆரம்பிச்சு ரெண்டு மாசம் கழிச்சு எல்டிஎல் பாருங்க, எறங்கியிருந்தா மருந்து வேல செய்யுதுன்னு உங்க ரத்தமே சொல்லிரும். வெறும் வயித்துல போய் டெஸ்ட் குடுக்கணும்னு கூட பெரும்பாலும் அவசியமில்ல. டார்கெட் எவ்வளவுன்னு டாக்டர்கிட்ட கேட்டு தெரிஞ்சுக்கோங்க. இந்திய இதய மருத்துவர்கள் சங்கம் 2024ல சொன்னபடி சாதாரண ஆளுக்கு 100க்கு கீழ, சுகர், பிபி மாதிரி ரிஸ்க் கூட இருக்கிறவங்களுக்கு 70க்கு கீழ, அட்டாக் வந்தவங்க மாதிரி ரொம்ப ரிஸ்க் இருக்கிறவங்களுக்கு 55க்கு கீழ. லேப் ரிப்போர்ட்ல 'நார்மல்'னு போட்டிருக்கிறது எல்லாருக்கும் பொதுவா அச்சடிச்சது, ஸ்டென்ட் வச்சவருக்கு அது நார்மல் இல்ல.

குறைன்னு சொன்னா மருந்துல இல்ல, பேக்கிங்ல இருக்கு. அட்டோர்வாவோட ஆஸ்பிரின் சேர்ந்தது, ரோசுவாவோட குளோபிடோக்ரல் சேர்ந்தது, மூணும் சேர்ந்ததுன்னு கேப்சூல் ஏகப்பட்டது வருது, பேரு எல்லாம் ஒண்ணுக்கொண்ணு நெருங்கி இருக்கும், உள்ள என்ன இருக்குங்கிறது பொடி எழுத்துல. ரெண்டு டாக்டர்கிட்ட காமிக்கிறவங்க ஒரு பிராண்டுல தனி ஆஸ்பிரினும் இன்னொரு பிராண்டுல ஆஸ்பிரின் சேர்ந்த கேப்சூலும் சேர்த்து போட்டுட்டு பல் தேய்க்கிறப்ப ரத்தம் வருதுன்னு வந்து நிப்பாங்க. அதனால எல்லா ஸ்ட்ரிப்பையும் ஒரு பையில போட்டு ஆறு மாசத்துக்கு ஒருக்கா பார்மசிஸ்ட்டோ டாக்டரோ யாராவது ஒருத்தர்கிட்ட கொட்டிக் காமிங்க. ஸ்ட்ரிப்ப வெட்டுறப்ப பேரும் எக்ஸ்பைரி டேட்டும் இருக்கிற பக்கத்த கடைசி வரைக்கும் வச்சுக்கோங்க.

கர்ப்பமா இருக்கிறவங்க, கர்ப்பத்துக்கு பிளான் பண்றவங்க, பால் குடுக்குறவங்க டாக்டர்கிட்ட சொல்லாம இத தொடக்கூடாது. கிளாரித்ரோமைசின் மாதிரி சில ஆன்டிபயாட்டிக், பூஞ்சைத் தொற்றுக்கு போடுற சில மாத்திரை எல்லாம் அட்டோர்வாவோட சேந்தா ரத்தத்துல அட்டோர்வா அளவு எக்குத்தப்பா ஏறும், பம்பளிமாஸ் பழத்தையும் அதோட நெறைய சேர்த்து சாப்பிட வேணாம். சளி, காய்ச்சல்னு எந்த கடைல நின்னு என்ன மாத்திரை வாங்குனாலும் "நான் டெய்லி அட்டோர்வா போடுறேன்", "ரோசுவா போடுறேன்"னு ஒரு வார்த்த கவுன்டர்ல சொல்லிட்டு வாங்குங்க, கேக்காட்டியும் நீங்களே சொல்லுங்க.